தெர்மாமீட்டர் காட்டாத சூடு

ஜூன் 3

காலை எட்டு மணிக்கு முதல் வேளை. ஐந்து மில்லிகிராம் பிரெட்னிசோலோன் மாத்திரைகள் எட்டு, மொத்தம் 40 மில்லிகிராம். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானை விடச் சிறியது. ஆறாவது மாத்திரை தண்ணீரோடு இறங்காமல் நாக்கின் அடியில் ஒட்டிக்கொண்டு கரையத் தொடங்கிவிட்டது. அந்தக் கசப்பு மதியம் வரை போகவில்லை. காலையில், அதுவும் சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும் என்று மருத்துவர் இரண்டு முறை சொன்னார். இந்த ஸ்டீராய்டு மாத்திரை கார்டிசோல் என்ற ஹார்மோனின் வேலையைச் செய்கிறது; உடம்பு தன் சொந்தக் கார்டிசோலை விடியலை ஒட்டித்தான் அதிகமாகச் சுரக்கிறது; மாத்திரையும் அந்த நேரத்தோடு ஒத்துப்போனால் இரவுத் தூக்கம் ஓரளவு பிழைக்கும் என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து மில்லிகிராம் பிரெட்னிசோலோன் ஏறத்தாழ இருபது மில்லிகிராம் கார்டிசோலுக்குச் சமம். நலமாக இருக்கும் ஒருவரின் சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் ஒரு நாள் முழுவதும் சுரப்பதே பத்திலிருந்து இருபது மில்லிகிராம்தான். நான் விழுங்கியது நூற்று அறுபதுக்குச் சமமானது. ஒரு வாரத்துக்கும் மேலான சுரப்பு ஒரே காலையில் உள்ளே போயிருக்கிறது.

ஜூன் 4

இரவு மூன்று மணி வரை விழித்திருந்தேன். களைப்பே தெரியவில்லை என்பதுதான் அச்சமாக இருக்கிறது.

ஜூன் 6

சூடு தொடங்கிவிட்டது. பிற்பகல் மூன்று மணி அளவில் பிடரியில் பிறந்து, காது மடல்களுக்கு ஏறி, இரண்டு கன்னங்களையும் பற்றிக்கொள்கிறது. கண்ணாடியில் முகம் சிவந்திருக்கிறது. உள்ளங்கால்கள் தரையின் குளிர்ச்சியைத் தேடுகின்றன. ஓர் இடத்தில் நின்று அது வெதுவெதுப்பானதும் அடுத்த இடத்துக்கு நகர்கிறேன். நாக்கின் கீழ் தெர்மாமீட்டரை வைத்தேன். 97.9. நம்பாமல் பத்து நிமிடம் கழித்து மறுபடி வைத்தேன். அதே 97.9. அக்கா நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, சுடவே இல்லையே என்றாள். அவள் கை எனக்குப் பனிக்கட்டி போல் இருந்தது.

ஜூன் 8

தமிழில் இதற்குச் சொற்கள் ஏராளமாக இருந்தும், பேச்சில் எல்லாவற்றையும் 'உடம்பு சுடுகிறது' என்பதற்குள் அடைத்துவிடுகிறோம். காய்ச்சல் வேறு, எரிச்சல் வேறு, புழுக்கம் வேறு, காந்தல் வேறு. என்னுடையது காந்தல். தோலுக்குச் சற்று உள்ளே, தணலைச் சாம்பலால் மூடி வைத்ததைப் போன்று, வெளியே தெரியாமல் கனன்றுகொண்டிருக்கிறது. மருத்துவரிடம் சூடு என்று சொன்னதும் அவர் காய்ச்சலைத் தேடினார். இல்லை என்றதும் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

இன்று முழுவதும் இதே யோசனை. ஓய்வாகப் படுத்திருக்கும் மனித உடம்பு, கிலோ ஒன்றுக்குச் சுமார் ஒரு வாட் வீதம் வெப்பத்தை ஓயாமல் உண்டாக்குகிறது. என் எடைக்கு அது பழைய அறுபது வாட் குண்டு பல்பு ஒன்று இரவும் பகலும் எரிவதற்குச் சமம். அந்த வெப்பம் இரத்தத்தோடு தோலுக்கு வந்து, காற்றிலும் வியர்வையிலும் வெளியேறியாக வேண்டும். ஆகவே உடம்பு சுடுவதாகத் தோன்றுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. உள்ளே உலை கூடுதலாக எரியலாம். அல்லது உலை அப்படியே இருக்க, தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து வெந்த இரத்தத்தை மேலே கொண்டுவரலாம். சூட்டை உணரும் நரம்பு முனைகளில் பெரும்பகுதி தோலில் இருப்பதால், வெப்பம் உடம்பை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான் நமக்கு உடம்பு பற்றி எரிவதாகப் படுகிறது. தெர்மாமீட்டர் நாக்கின் கீழே உள்ளதைச் சொல்கிறது, கன்னம் வேறொன்றைச் சொல்கிறது. இரண்டில் எதுவும் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

உலையும் சற்றுக் கூடுதலாக எரிகிறதா என்பது தனிக் கேள்வி. கார்டிசோலை ஏற்றிப் பார்த்த ஆய்வுகளில் சிலவற்றில் ஓய்வுநிலை ஆற்றல் செலவு சிறிதளவு கூடியிருக்கிறது. வேறு சிலவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. இவ்வளவு பழைய மருந்துக்கு இவ்வளவு எளிய கேள்வி இன்னும் இழுபறியில் இருப்பது எனக்கு எரிச்சலூட்டுகிறது. இந்த எரிச்சலும் மருந்தின் வேலைதானோ?

ஜூன் 9

98.1. 97.8. 98.2. அக்கா தெர்மாமீட்டரை ஒளித்து வைத்துவிட்டாள்.

ஜூன் 12

வெறும் வயிற்றில் சர்க்கரை 94. மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து 212. பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர் இரண்டு தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்து, இரண்டும் ஒருவருடையதுதானா என்று கேட்டார்.

காலையில் போடும் பிரெட்னிசோலோன் இப்படித்தான் செய்யும் என்று மருத்துவர் அமைதியாக விளக்கினார். இரவுக்குள் மருந்தின் வேகம் அடங்கிவிடுவதால் விடியற்காலைச் சர்க்கரை ஒழுங்காகவே இருக்கும்; பிற்பகலிலும் மாலையிலும்தான் ஏறும். காலையில் மட்டும் ஊசியால் குத்திப் பார்ப்பவர் தனக்கு ஒன்றுமில்லை என்று மாதக்கணக்கில் நம்பிக்கொண்டிருக்கலாம். கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் கட்டுகிறது. தசையும் கொழுப்பும் இன்சுலின் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதில்லை. பட்டினி கிடக்கும் உடம்பு மூளைக்குச் சர்க்கரை அனுப்புவதற்காக வைத்திருக்கும் ஏற்பாடு இது. வயிறு நிறைந்திருக்கும்போதே அந்த ஏற்பாடு முடுக்கிவிடப்பட்டிருக்கிறது.

என்னைப் பிடித்துக்கொண்ட செய்தி வேறு. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறைப் பைருவேட் என்ற சிறிய மூலக்கூறுகளிலிருந்து கட்டி எழுப்பக் கல்லீரல், உடம்பின் ஆற்றல் நாணயமான உயர் ஆற்றல் பாஸ்பேட்டுகள் ஆறைச் செலவழிக்கிறது. அதே மூலக்கூறைப் பைருவேட் வரை உடைத்தால் திரும்பக் கிடைப்பது இரண்டு. கட்டி உடைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் நான்கு நட்டம், அந்த நட்டம் வெப்பமாகத்தான் போகிறது. என் பிற்பகல் மூன்று மணியின் காந்தலுக்கும் பிற்பகல் மூன்று மணியின் 212-க்கும் இதுதான் முடிச்சு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை, ஆனால் கடிகாரத்தைப் பார்க்கும்போது அப்படி நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

ஜூன் 13

நள்ளிரவில் அடுக்களையில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். பசி என்று அதைச் சொல்ல முடியாது. யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியது போல் இருந்தது.

ஜூன் 17

அக்கா தெர்மாமீட்டரைத் திருப்பிக் கொடுத்தாள், ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் என்ற நிபந்தனையோடு.

இந்த மருந்துக் குடும்பத்தின் பிறப்பைப் பற்றிப் படித்தேன். மாயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், மூட்டுவாதக்காரர்கள் சிலருக்கு மஞ்சள் காமாலை வந்தாலோ கருவுற்றாலோ வலி தணிவதைக் கவனித்து, உடம்பே செய்துகொள்ளும் ஏதோ ஒரு பொருள் இதற்குக் காரணமாக இருக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் தேடினார். அதே இடத்தில் எட்வர்ட் கெண்டல் அட்ரினல் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்திருந்த 'இ' என்ற சேர்மத்தை, பின்னாளில் கார்டிசோன் என்று பெயர் பெற்றதை, 1948 செப்டம்பரில் ஒரு பெண்ணுக்குச் செலுத்தினார்கள். படுக்கையில் முடங்கியிருந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். இரண்டே ஆண்டுகளில், 1950-இல், ஹென்ச், கெண்டல், இதே ஹார்மோன்களை ஆராய்ந்த சுவிஸ் வேதியியலாளர் தாடியஸ் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பெண்ணின் பிற்பகல்கள் எப்படி இருந்தன என்பதை அறிய எனக்கு ஆசையாக இருக்கிறது. எழுந்து நடந்ததைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள்.

நானும் எழுந்து நடக்கிறேன். அதை இதுவரை எழுதவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. மூன்றாம் தேதிக்கு முன்பு என்னால் தலை வாரிக்கொள்ளக்கூட முடியவில்லை.

ஜூன் 21

கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு முயன்றேன். தொடைகள் நடுங்கின, பாதி எழுந்து தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். விரல் பிடியில் எந்தக் குறையும் இல்லை. இடுப்பையும் தோளையும் ஒட்டிய பெரிய தசைகளைத்தான், அவற்றிலும் வேகமாகச் சுருங்கும் இழைகளைத்தான், இந்த மருந்து முதலில் தின்னும். அங்கிருந்து பிடுங்கப்படும் அமினோ அமிலங்கள்தான் கல்லீரலில் சர்க்கரையாகின்றன. பன்னிரண்டாம் தேதி நான் தாளில் பார்த்த 212-இல் ஒரு பங்கு என் தொடையாக இருந்தது.

தசை குறைந்தால் உலையும் சிறுத்துவிடும் என்று முதலில் பயந்தேன். அந்த அளவுக்கு இல்லை. எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்காக இருக்கும் எலும்புத் தசை, ஓய்வு நேர வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் தருகிறது. கல்லீரல், மூளை, இதயம், சிறுநீரகம் ஆகிய சிறிய உறுப்புகள்தான் பெரும்பகுதியைச் சுமக்கின்றன. ஆனால் குளிர் வந்தால் நடுங்கிச் சூடேற்றுவது தசையின் வேலை. இப்போது யாருக்குக் குளிர்கிறது என்று என்னை நானே கேட்டுக்கொண்டு, ஈரத் துண்டைப் பிடரியில் போட்டுக்கொண்டேன்.

நாற்காலியில் நாள்தோறும் பத்து முறை எழுந்து உட்கார வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 22

நான்கு முறை.

ஜூன் 26

அக்கா மகனுக்குச் சளியும் காய்ச்சலும். 102. குழந்தையைத் தொட்டால் கணகணவென்று இருக்கிறது என்று அக்கா சொன்னபோது, வெட்கமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. அவன் உடம்பு சொல்ல வேண்டியதை உரக்கச் சொல்கிறது.

என்னை மாடி அறைக்குப் போகச் சொல்லிவிட்டாள். கதவைத் திறந்து சாப்பாட்டை வைத்துவிட்டு, நான்கு அடி தள்ளி நின்று பேசுகிறாள்.

ஜூன் 27

இன்று தொண்டை கரகரக்கிறது. தெர்மாமீட்டர் 98.8. பிற்பகல் நான்கு மணிக்கு 98.8 என்பது யாருக்கும் இருக்கக்கூடிய அளவு. உடம்பின் வெப்பம் விடியற்காலையில் மிகக் குறைந்தும் பிற்பகலில் மிக உயர்ந்தும் ஒரு டிகிரி அளவுக்கு நாள்தோறும் ஊசலாடுகிறது. நாம் மனப்பாடம் செய்திருக்கும் 98.6, ஜெர்மன் மருத்துவர் கார்ல் வுண்டர்லிக் 1868-இல் வெளியிட்ட 37 செல்சியஸ் என்ற சராசரிதான். ஆனால் இது என் அளவு. மூன்று வாரமாக 98.2-ஐத் தாண்டாத என் அளவு.

நேற்றிரவிலிருந்து நான் வேறு எதையும் நினைக்கவில்லை. காய்ச்சல் என்பது நோய் கொண்டுவரும் சூடு என்று சிறுவயதிலிருந்து எண்ணியிருந்தேன். உண்மையில் அது உடம்பு தானே எடுக்கும் முடிவு. கிருமியைக் கண்ட வெள்ளணுக்கள் இன்டர்லூக்கின் போன்ற தூதுப் பொருட்களை அனுப்ப, அவற்றின் தூண்டுதலால் புராஸ்டாகிளாண்டின் உண்டாகி, மூளையின் ஹைப்போதலாமஸில் இருக்கும் வெப்பக் குறியை மேலே ஏற்றிவைக்கிறது. குறி ஏறியதும், 98 என்பதே குளிராகத் தோன்றத் தொடங்க, தோலின் குழாய்கள் சுருங்கி, தசைகள் நடுங்கி, உடம்பு தன்னைத்தானே காய்ச்சிக்கொள்கிறது. நான் விழுங்கும் மாத்திரை இந்தத் தூதுப் பொருட்களையும் அடக்குகிறது, புராஸ்டாகிளாண்டின் உண்டாவதையும் தடுக்கிறது. இயல்பாகச் சுரக்கும் கார்டிசோலும் இந்த வேலையைச் செய்கிறது, காய்ச்சல் எல்லை மீறாமல் பிடித்து நிறுத்தும் கடிவாளமாக. எனக்குக் கடிவாளம் மட்டும் எட்டு மடங்கு இருக்கிறது.

அப்படியானால் உள்ளே தொற்று முற்றிக்கொண்டிருந்தாலும் தெர்மாமீட்டர் 98.8 என்றுதான் சொல்லுமா? இரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கையைப் பார்க்கலாம் என்றால் அதுவும் கைவிடுகிறது; குழாய்ச் சுவர்களில் ஒட்டியிருக்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்களை இந்த மருந்து ஓட்டத்தில் கலந்துவிடுவதால், தொற்று இல்லாமலே எண்ணிக்கை கூடுதலாகத்தான் இருக்கும். காய்ச்சல் வர வேண்டிய இடத்தில் வராது, வெள்ளணு ஏற வேண்டாத இடத்தில் ஏறும். காய்ச்சல் இல்லாத காந்தலை மூன்று வாரமாகச் சுமந்த பிறகு, காந்தல் இல்லாத காய்ச்சலுக்காகக் காத்திருக்கிறேன்.

இரவு பத்து மணி: 98.6. இரவு ஒரு மணி: 98.4. நிபந்தனையை மீறிவிட்டேன்.

ஜூன் 28

மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். தெர்மாமீட்டர் காட்டும் எண்ணை நம்பாதீர்கள், மூச்சிரைப்பு, நெஞ்சு வலி, குழப்பம், நடுக்கம், இவற்றில் எது வந்தாலும் உடனே வாருங்கள், 98.8-க்கும் அழைத்தது சரிதான் என்றார். அந்தக் கடைசி வாக்கியத்துக்காக அவருக்கு நன்றி.

ஜூன் 30

தொண்டை சரியாகிவிட்டது. எதுவும் இல்லாமலே போயிருக்கலாம்.

ஜூலை 1

30 மில்லிகிராம். ஆறு மாத்திரைகள்.

ஜூலை 9

குழந்தைகளிடம் மட்டுமே இருப்பதாக நெடுங்காலம் கருதப்பட்ட பழுப்புக் கொழுப்பு வளர்ந்தவர்களிடமும் வேலை செய்கிறது என்று 2009-இல் உறுதியானது. கழுத்துக்கும் காரை எலும்புக்கும் இடையில் அது இருக்கிறது. வெள்ளைக் கொழுப்பு சேமித்து வைக்கும். பழுப்புக் கொழுப்பு எரித்து வெப்பமாக்கும், அதுவும் தசையை அசைக்காமல். நடுங்காமல் குளிர் காய்வதற்கு உடம்பு வைத்திருக்கும் கணப்பு அது.

ஸ்டீராய்டு இந்தக் கணப்பை மூட்டுகிறதா, அணைக்கிறதா? எலிகளில் அணைக்கிறது. மனிதர்களில் 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஓரிரு நாள் பிரெட்னிசோலோன் கொடுத்தபோது பழுப்புக் கொழுப்பின் வேலை கூடியதாகச் சொன்னது. 2018-இல் வந்த இன்னொன்று, ஒரு வாரம் கொடுத்தபோது குறைந்ததாகச் சொன்னது. இரண்டும் சரியாக இருக்கலாம் என்பது என் எண்ணம்: முதலில் ஊதிவிட்டு, பிறகு சாம்பலைப் போட்டு மூடுவது.

காரை எலும்பின் மேல் இப்போது எனக்கு மெத்தென்று ஒரு புடைப்பு. விரலால் அழுத்தினால் அமுங்குகிறது. கணப்பு வளர்ந்திருக்கிறது என்று ஒரு நிமிடம் மகிழ்ந்தேன். அது வெறும் வெள்ளைக் கொழுப்பு, கை கால்களை விட்டுவிட்டு முகத்திலும் பிடரியிலும் வயிற்றிலும் குடியேறும் கொழுப்பு, கார்டிசோல் மிகுந்த உடம்பைப் பற்றி ஹார்வி குஷிங் என்ற அறுவை மருத்துவர் 1932-இல் எழுதி வைத்த அதே உருவம்.

ஜூலை 15

20 மில்லிகிராம். நாற்காலி: ஏழு முறை.

ஜூலை 16

நெடுநாள் கழித்து வந்த ஒருவர், முகம் நன்றாகத் தெளிந்திருக்கிறது, நோய் விட்டுவிட்டது போலிருக்கிறது என்றார். என் முகம் தெளியவில்லை, உருண்டிருக்கிறது. நன்றி என்று சொல்லிவிட்டு, மாடிக்கு வந்து வெகுநேரம் அழுதேன். அழும்போது காது மடல்கள் சுட்டன.

ஆகஸ்ட் 5

10 மில்லிகிராம். மதியத்துக்குப் பிறகான சர்க்கரை 138. மூன்று மணி அடித்தது, காந்தல் வரவில்லை. நான்கு மணி வரை நாற்காலியிலேயே உட்கார்ந்து, வராத ஒன்றுக்காகக் கவனமாகக் காத்திருந்தேன்.

ஆகஸ்ட் 19

ஏழரை. ஒரு முழு மாத்திரையும் ஓர் அரை மாத்திரையும். நடுக்கோட்டில் இரண்டு கட்டைவிரல் நகங்களையும் வைத்து அழுத்தினால் சில நாள் சரிபாதியாக உடைகிறது, சில நாள் மூன்று துண்டாகிச் சிறு துகள் சட்டை மடிப்பில் விழுகிறது. அந்தத் துகளையும் விரலில் ஒற்றி நாக்கில் வைத்துக்கொள்கிறேன். ஜூன் மாதத்தில் எட்டு மாத்திரைகளைக் கண்டு பயந்தவள், இப்போது கடுகளவு துகளை விட மாட்டேன் என்கிறேன்.

ஆகஸ்ட் 23

குளிர்கிறது. வீட்டில் எல்லோரும் விசிறியைச் சுழலவிட்டுக்கொண்டிருக்க, நான் கம்பளிக்குள் இருக்கிறேன். விரல் நுனிகள் வெளுத்திருக்கின்றன. மூட்டுகளில் பழைய வலி அல்லாத ஒரு புது வலி. காலையில் பல் துலக்கிவிட்டு உட்கார வேண்டியிருக்கிறது. தெர்மாமீட்டர் 97.4.

மூன்று வாரத்துக்கு மேல் வெளியிலிருந்து கார்டிசோல் வந்துகொண்டிருந்தால், மூளை அட்ரினலுக்கு ஆணை அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. ஆணை வராத சுரப்பி சுருங்கிப்போகிறது. அது மீண்டும் விழித்துக்கொள்ள வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம், சிலருக்கு ஓர் ஆண்டும் ஆகலாம். இடைப்பட்ட இந்தக் காலத்தில் மாத்திரையும் குறைவு, சொந்தச் சுரப்பும் இல்லை. அட்ரினல் கெட்டுப்போனவர்களைப் பற்றி 1855-இல் தாமஸ் அடிசன் என்ற மருத்துவர் விவரித்த சோர்வின் ஒரு கீற்று எனக்கு இப்போது கிடைத்திருக்கிறது. குஷிங்கிடமிருந்து அடிசனிடம் போவதற்கு எனக்கு ஏழு வாரம்தான் ஆனது.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காய்ச்சல் வந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும், வாந்தி எடுத்து மாத்திரை தங்காவிட்டால் ஊசிக்காக உடனே வர வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. காய்ச்சல் வந்தால்! இந்த அளவில் மாத்திரை அதை மறைக்குமா மறைக்காதா, 97.4-இல் இருப்பவளுக்கு 98.8 காய்ச்சலா இல்லையா என்று அட்டையில் எழுதியிருக்கவில்லை.

ஆகஸ்ட் 24

பகல் முழுவதும் தூங்கினேன்.

ஆகஸ்ட் 30

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். உங்கள் சுரப்பியைத்தான் கேட்க வேண்டும் என்று மருத்துவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்கத்தான் கேட்கிறேன், நாள்தோறும் இரண்டு முறை, நாக்கின் கீழே வைத்து.

செப்டம்பர் 9

ஐந்து மில்லிகிராம். ஒரே ஒரு மாத்திரை. இது மருந்தே இல்லை, உடம்பு தானாகச் செய்ய வேண்டியதன் அளவு. நாற்காலி: பத்து முறை, கையை ஊன்றாமல்.

செப்டம்பர் 16

அக்காவின் கையைப் பிடித்தேன். இன்று அவள் கை வெதுவெதுப்பாக இருந்தது. கை அவளுடையதுதான், மூன்று மாதமாக மாறாத அதே கை.

செப்டம்பர் 23

நேற்றுக் காலை எட்டு மணிக்குப் போட்ட மாத்திரைதான் கார்டிசோல் சோதனைக்கு முன் கடைசி. மருந்து இரத்தத்தில் இருந்தால் சோதனை அதையும் கார்டிசோல் என்று எண்ணிவிடும் என்பதால், ஒரு முழு நாள் இடைவெளி விட்டு, இன்று காலை எட்டு மணிக்கு இரத்தம் எடுத்தார்கள். டெசிலிட்டருக்குப் பத்து மைக்ரோகிராமைத் தாண்டினால் சுரப்பி விழித்துவிட்டது என்று பொருள். ஐந்துக்குக் கீழே என்றால் இன்னும் தூக்கம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் மாத்திரையைத் தொடர்ந்துவிட்டுச் சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

இரத்தம் எடுத்து முடித்த கையோடு, அங்கேயே நின்று இன்றைய மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 24

முடிவு இன்னும் வரவில்லை. மாலை நான்கு மணி: 98.3.

செப்டம்பர் 25

காலை பதினொரு மணி. கன்னம் சுடுகிறது. தெர்மாமீட்டரை எடுக்கப் போனேன், தொலைபேசி